வெர்பினா: ஒரு பெயர், பல செடிகள்

வெர்பினா தரையை ஒட்டிப் படர்ந்து, சிறு பூக்களைக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் தோட்டச் செடி. சிவப்பு, இளஞ்சிவப்பு, ஊதா, கருநீலம், வெள்ளை எனப் பல நிறங்களில் கிடைக்கிறது. பல ரகங்களில் ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் மே மாத மலர்க் கண்காட்சிக்கென வளர்க்கப்படும் பூச்செடிகளில் இதுவும் உண்டு.

ஆனால் வெர்பினா என்ற பெயர் இந்த ஒரு செடிக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் வழியோரங்களில் முளைக்கும் ஒரு களைக்கும் அதே பெயர்தான். பிரான்சில் கொதிநீரில் இட்டுக் குடிக்கும் எலுமிச்சை மணத் தழைக்கும், நறுமணப் பொருள் சந்தையில் விற்கும் ஓர் எண்ணெய்க்கும் அதே பெயர். இன்றைய தாவரவியல் கணக்கில் இவற்றுள் வெர்பினா பேரினத்தில் நிற்பது அந்தக் களை மட்டுமே. தோட்டப் பூச்செடியைத் தாவரவியலாளர் பலர் வேறு பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். எலுமிச்சை மணச் செடி தனிப் பேரினம். எண்ணெயோ பல சமயம் ஒரு புல்லிலிருந்து வருகிறது. பெயர் எப்படி இடம் மாறியது என்பதைத் தொடர்ந்து பார்த்தால், தாவர உறவுகளை அறிவியல் வகுத்த முறையும் கூடவே புலப்படும்.

களைச்செடியின் அமைப்பு

இந்தப் பேரினத்தின் மாதிரி இனம் வெர்பினா அஃபிசினாலிஸ். ஆங்கிலத்தில் இதை வெர்வெய்ன் என்பார்கள். ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா தொடங்கி இமயமலைச் சாரல், சீனா, ஜப்பான் வரை பரவிக் கிடக்கும் செடி இது. முழங்கால் உயரத்துக்குக் குறையாது. இடுப்பு உயரம்வரையும் வளரும். தண்டைத் தடவினால் நான்கு பட்டை தெரியும். இலைகள் எதிரெதிராக அமைந்து, ஓரம் ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும். உச்சியில் குச்சி போன்ற மெல்லிய பூங்கதிர்கள் கிளைக்கின்றன.

இந்தக் கதிரைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் பூக்கும் ஒழுங்கு விளங்கும். பூக்கள் கீழிருந்து மேலாக மலர்கின்றன. ஒரே சமயத்தில் நாலைந்து பூக்கள் மட்டுமே விரிந்திருக்கும். அவற்றுக்குக் கீழே காய்கள் முற்றிக்கொண்டிருக்கும். மேலே மொட்டுகள் நெருங்கி நிற்கும். கதிரின் நுனி வளர்ந்துகொண்டே போவதால் பூக்கும் காலமும் நீள்கிறது. பூ ஒவ்வொன்றும் சுமார் 5 மில்லிமீட்டர் அகலந்தான். வெளிறிய ஊதா நிறம். ஐந்து இதழ்களும் அடியில் ஒட்டிக் குழாயாகியிருக்கும். அந்தக் குழாய்க்குள் இரண்டு உயரங்களில் நான்கு மகரந்தத்தாள்கள் உண்டு. காய் முற்றியதும் நான்கு சிறு கொட்டைகளாகப் பிரிந்துவிடும். சொல்லும்படியான மணம் எதுவும் இந்தச் செடிக்கு இல்லை.

அழகும் மணமும் இல்லாத இந்தச் செடிக்கு மருந்துப் பெயர் மட்டும் பெரிது. அஃபிசினாலிஸ் என்ற இரண்டாம் பெயரே, மருந்துக் கிடங்கில் வைக்கப்பட்ட மூலிகை என்பதைக் குறிக்கும். சீன மருத்துவமும் இதைக் கையாள்கிறது. சீன மொழியில் இதன் பெயருக்குக் குதிரைச் சாட்டைப் பூண்டு என்று பொருள். வெர்பினாலின், ஹாஸ்டட்டோசைடு என்ற இரிடாய்டு வகைப் பொருள்களும், வெர்பாஸ்கோசைடு என்ற பினால் வகைப் பொருளும் இதில் இருப்பதை வேதியியலாளர்கள் பிரித்தறிந்துள்ளனர். செடியின் கசப்புக்கு இரிடாய்டுகளே முதன்மையான காரணம்.

ரோமானியரின் புனிதத் தழை

வெர்பினா என்ற லத்தீன் சொல் முதலில் ஒரு குறிப்பிட்ட செடியின் பெயராக இருக்கவில்லை. சடங்குக்குப் பயன்படும் தழை, கொப்பு எதுவானாலும் ரோமானியருக்கு அது வெர்பினாதான். ஆலிவ், மிர்ட்டில், லாரல் ஆகியவற்றின் கிளைகளையும் அப்படியே அழைத்தார்கள். சாட்டை, பிரம்பு ஆகியவற்றைக் குறிக்கும் வெர்பர் என்ற லத்தீன் சொல்லோடு இதைச் சொல்லாய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். சீனப் பெயரிலும் சாட்டை இருப்பது தற்செயல். இரண்டு மொழிகளும் தனித்தனியே அங்கு வந்து சேர்ந்தன.

இந்தத் தழைக்கு ரோமில் அரசியல் முக்கியத்துவம் இருந்தது. போர் அறிவிக்கவும் உடன்படிக்கை செய்யவும் ஃபெட்டியாலிஸ் என்ற பூசாரிகள் இருந்தனர். உடன்படிக்கைக்குப் போகும்போது ரோமின் கோட்டைக் குன்றிலிருந்து வேரோடு பிடுங்கிய புனிதப் பூண்டை எடுத்துச் செல்வது மரபு. அதைச் சுமந்து செல்பவருக்கு வெர்பினாரியஸ் என்று பட்டம். அந்தப் பூண்டால் தலையைத் தொட்டு, குழுவின் தலைவரை நியமித்தார்கள். கி.மு. 201-இல் கார்த்தேஜ் நகரத்தோடு இரண்டாம் பியூனிக் போரை முடித்து அமைதி உடன்படிக்கை செய்ய ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்ட பூசாரிகள், தங்கள் சிக்கிமுக்கிக் கல்லையும் வெர்பினாவையும் ஆளுக்கொன்றாக எடுத்துச் செல்ல வேண்டும் என்று செனட் ஆணையிட்டதை வரலாற்றாசிரியர் லிவி பதிவுசெய்திருக்கிறார். வேற்று நாட்டிலும் சொந்த மண்ணின் தழையைக் கொண்டே சடங்கு நடக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

கி.பி. முதல் நூற்றாண்டில் மூத்த பிளினி தம் ‘இயற்கை வரலாறு’ நூலை எழுதும்போது, சொல் ஒரு செடியின்மேல் நிலைபெறத் தொடங்கியிருந்தது. கிரேக்கர்கள் புனிதப் பூண்டு என்று அழைத்த செடியே ரோமானியரின் வெர்பினாக்கா என்கிறார் அவர். அதைக் கொண்டு ஜூபிட்டரின் பலிமேசையைத் துடைத்தார்கள். வீடுகளைத் தூய்மை செய்தார்கள். கால் (Gaul) நாட்டினர் அதை வைத்துக் குறி பார்த்தார்கள். அந்தச் செடி ஊறிய நீரை விருந்துக் கூடத்தில் தெளித்தால் விருந்தினர் கூடுதல் உற்சாகம் கொள்வார்கள் என்ற நம்பிக்கையையும், நாய் விண்மீன் உதிக்கும் வேளையில் சூரியனோ சந்திரனோ பார்க்காதபடி அதைப் பறிக்க வேண்டும் என்ற மந்திரவாதிகளின் விதியையும் அவர் குறித்து வைத்தார். அதே மூச்சில் மந்திரவாதிகளின் பேச்சைப் பைத்தியக்காரத்தனம் என்று கண்டிக்கவும் செய்தார்.

இந்த நம்பிக்கைகளின் எச்சம் ஐரோப்பிய மொழிகளில் இன்றும் இருக்கிறது. ஸ்பானிய மொழியில் வெர்பினா என்றால் செடி மட்டுமல்ல, புனிதர் திருநாளின் முந்தைய இரவில் தெருவில் நடக்கும் ஆடல் பாடல் திருவிழாவும் ஆகும். புனித யோவான் திருநாளின் விடியலில் இந்தப் பூண்டைப் பறிக்கப் போகும் வழக்கத்திலிருந்து அந்தப் பொருள் பிறந்தது. பூண்டைப் பறிக்கும் வழக்கம் போய்விட்டது. மாட்ரிட் நகரத்தில் கோடைகால வெர்பினாக்கள் தொடர்கின்றன.

லின்னேயஸ் வகுத்த பேரினம்

ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட ‘ஸ்பீஷீஸ் பிளாண்டாரம்’ நூலில் வெர்பினாவைப் பேரினப் பெயராக்கினார். மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையைக் கொண்டு தாவரங்களை வகுத்தவர் அவர். நான்கு மகரந்தத்தாள்கள் உள்ள வெர்பினாவை இரண்டு மகரந்தத்தாள்கள் கொண்ட வகுப்பில் வைத்தார். அப்படி அமைந்ததற்குக் காரணம் உண்டு. அவர் இந்தப் பேரினத்தில் சேர்த்த செடிகளில் சிலவற்றுக்கு இரண்டு மட்டுமே வளமான மகரந்தத்தாள்கள்.

அவற்றில் ஒன்று வெர்பினா ஜமைசென்சிஸ் என்று அவர் பெயரிட்ட செடி. தமிழ்நாட்டில் தரிசு நிலங்களில் நீண்ட பச்சைக் கதிரும், அதில் ஆங்காங்கே நீலப் பூவுமாக நிற்கும் சீமை நாயுருவிகளில் அதுவும் ஒன்று. வயல் வரப்பிலும் குளக்கரையிலும் படரும் பொடுதலையை அவர் வெர்பினா நோடிஃப்ளோரா என்று பெயரிட்டுப் பதிந்தார். தலைப் பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சச் சித்த மருத்துவம் கையாளும் பொடுதலை, ஒரு காலத்தில் அறிவியல் பெயரளவில் வெர்பினாவாகவே இருந்திருக்கிறது. பின்வந்தவர்கள் சீமை நாயுருவியை ஸ்டாக்கிடார்ஃபீட்டா என்றும், பொடுதலையை ஃபைலா என்றும் தனிப் பேரினங்களாக்கினார்கள். பொடுதலையின் இன்றைய பெயர் ஃபைலா நோடிஃப்ளோரா. பேரினம் மாறினாலும் இரண்டாம் பெயர் மாறாமல் தொடர்வது பெயரிடும் விதிகளின்படி. அதனால்தான் ஒரு செடி முன்பு எங்கிருந்தது என்பதைப் பெயரே காட்டிக்கொடுக்கிறது.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த பூக்கள்

தோட்டத்து வெர்பினாவின் மூதாதைகள் அர்ஜென்டினா, உருகுவே, தெற்குப் பிரேசில் பகுதிகளின் புல்வெளிகளைச் சேர்ந்தவை. முதலில் ஐரோப்பியத் தோட்டத்துக்கு வந்தது உயரமான இனம் ஒன்று: போனஸ் அயர்ஸ் நகரத்தின் பெயரைத் தாங்கிய வெர்பினா போனாரியென்சிஸ். இங்கிலாந்தின் எல்தாமில் ஜேம்ஸ் ஷெரார்டின் தோட்டத்தில் வளர்ந்த செடிகளைப் பற்றி ஜொஹான் ஜேக்கப் டில்லேனியஸ் 1732-இல் வெளியிட்ட நூலில் அது படத்தோடு இடம்பெற்றது. ஆளுயரத்துக்கு வளரும், இலைகள் பெரும்பாலும் அடியில், மேலே வெறுங்கம்பி போன்ற தண்டுகளின் நுனியில் ஊதாக் கொத்துகள். அதன் பின்னால் இருக்கும் செடிகளையும் மறைக்காது என்பதால் இன்றைய தோட்டக் கலைஞர்கள் இதைப் பெரிதும் விரும்புகிறார்கள். வண்ணத்துப்பூச்சிகளுக்கும் இது பிடித்த பூ. ஆனால் விதை சிதறித் தானாக முளைப்பதால் ஆஸ்திரேலியா, தென் ஆப்பிரிக்கா முதலிய நாடுகளில் களையாகப் பரவியிருக்கிறது.

தரையில் படரும் பூச்செடி உருவானது 19-ஆம் நூற்றாண்டில். செக்கச் சிவந்த பூவுடைய ஒரு தென் அமெரிக்க இனம் 1820-களில் இங்கிலாந்தை அடைந்தது. அடுத்த பத்தாண்டில் ஊதா, இளஞ்சிவப்பு, வெள்ளை இனங்களும் வந்து சேர்ந்தன. இவற்றுள் பலவற்றை அனுப்பியவர் ஜான் ட்வீடி. ஸ்காட்லாந்தில் தோட்டக்காரராக இருந்த இவர், ஐம்பது வயதில் 1825-இல் போனஸ் அயர்ஸுக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்து உள்நாட்டுப் பயணங்கள் செய்து விதைகளையும் செடிகளையும் பிரிட்டனுக்கு அனுப்பினார். இன்றைய பெட்டூனியாவின் ஊதாப் பூ மூதாதையும் அவர் அனுப்பியதே. வெள்ளைப் பூ இனத்திடமிருந்து மணமும், சிவப்பு இனத்திடமிருந்து பளிச்சென்ற நிறமும், ஊதா இனங்களிடமிருந்து உறுதியும் கலந்து வந்தன. தோட்டத்து வெர்பினாக்கள் எல்லாம் ஒரே அளவுக்கு மணக்காததன் காரணம் இந்தக் கலப்புதான். மூதாதைச் சிவப்பில் மணம் இல்லை. வெள்ளையின் சாயல் ஏறிய ரகங்களில் இனிய மணம், குறிப்பாக மாலையில், தெரியும்.

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஒரே நிறப் பூக்களைப் பாத்தி பாத்தியாக அடர்த்தியாக நடும் வழக்கம் பரவியபோது வெர்பினா அதற்குப் பொருத்தமாக அமைந்தது. கணுவில் வேர்விடும் செடி என்பதால் தண்டைக் கிள்ளி நட்டே பெருக்கினார்கள். ஒரு நல்ல ரகத்தின் பல்லாயிரம் செடிகளும் ஒரே செடியின் துண்டுகளாகவே இருந்தன. அதுவே பலவீனமும் ஆயிற்று. தண்டு வழியாகவே நோயும் தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்பட்டதால், நூற்றாண்டின் பிற்பகுதியில் செடிகள் நலிந்தன. விதையிலிருந்து வளர்க்கும் ரகங்களின் பக்கம் தோட்டக்காரர்கள் திரும்பினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நோயற்ற தாய்ச்செடிகளைப் பாதுகாக்கும் நுட்பம் வந்த பிறகு, தண்டில் பெருக்கும் ரகங்கள் மீண்டும் செல்வாக்குப் பெற்றன. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் வெளியிட்ட ‘டேபியன்’, ‘டெமாரி’ வரிசைகள் இந்த வகை. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத் தோட்டக்கலைப் பேராசிரியர்கள் ஆலன் ஆர்மிடேஜ், மைக்கேல் டிர் ஆகியோர் சாலையோர வீடொன்றின் முன்னால் கண்டு, தண்டு கேட்டு வாங்கி வந்த ஊதா வெர்பினா, ‘ஹோம்ஸ்டெட் பர்ப்பிள்’ என்ற பெயரில் 1990-களின் தொடக்கத்தில் உலகச் சந்தைக்கு வந்தது.

வெர்பினாவா, கிளாண்டுலாரியாவா?

தோட்டத்துச் செடியை வெர்பினா ஹைப்ரிடா என்றே விதைப் பொட்டலங்கள் நெடுங்காலம் குறித்து வந்தன. தாவரவியலாளர்களுக்கு அதில் ஐயம் இருந்தது. தரையில் படர்ந்து பெரிய பூக்களைக் கொத்தாகப் பூக்கும் இனங்களின் மகரந்தத்தாளில் பெரும்பாலும் சுரப்பி போன்ற ஒரு புடைப்பு இருக்கும். அந்தச் சுரப்பியைக் கொண்டே 1792-இல் கிளாண்டுலாரியா என்ற பேரினம் வகுக்கப்பட்டிருந்தது. ஆனால் பலர் அதை ஏற்காமல், வெர்பினாவின் ஒரு பிரிவாகவே வைத்திருந்தார்கள்.

இதில் திருப்பம் தந்தவர்கள் அர்ஜென்டினாவின் பென்னோ ஷ்னாக், கில்லெர்மோ கோவாஸ் ஆகிய இருவர். 1940-களில் அவர்கள் இரு பிரிவுகளின் குரோமோசோம்களை எண்ணி ஒப்பிட்டார்கள். வெர்பினாவில் அடிப்படை எண் 7, கிளாண்டுலாரியாவில் 5. பூவில் உள்ள ஒரு புடைப்பைவிட இது ஆழமான வேறுபாடு. அடிப்படை எண் மாறிய இரு கூட்டங்கள் இனக்கலப்பில் எளிதாகச் சேராது என்பதால், நெடுங்காலமாகத் தனித்தனியே பரிணமித்தவை என்று கொள்ள இடமிருக்கிறது.

டி.என்.ஏ. ஆய்வு வந்ததும் விடை நேராகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. கிடைத்ததோ இன்னும் சுவையான செய்தி. 2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் யாவோவு யுவான், ரிச்சர்ட் ஓம்ஸ்டெட் இருவரும் வெளியிட்ட ஆய்வில், உட்கருவின் மரபணுக்கள் ஒரு வரலாற்றையும், பசுங்கணிகத்தின் டி.என்.ஏ. வேறொரு வரலாற்றையும் சொல்லின. பசுங்கணிகம் இலையைப் பச்சையாக்கி ஒளிச்சேர்க்கை நடத்தும் நுண்ணுறுப்பு. அதற்கெனத் தனி டி.என்.ஏ. உண்டு. பெரும்பாலான பூக்கும் செடிகளில் அது தாய்வழியாக மட்டும் கடத்தப்படுகிறது. கடந்த காலத்தில் வெர்பினாவுக்கும் கிளாண்டுலாரியாவுக்கும் இடையே அரிதாக நடந்த கலப்பால் ஒரு பேரினத்தின் பசுங்கணிகம் மற்றதற்குள் புகுந்திருக்கிறது. அதுவும் தனித்தனியே இரண்டு முறை. உட்கரு மரபணுக்கள் பெரும்பாலும் பழையபடியே தொடர, பசுங்கணிகம் மட்டும் இரவல் பொருளாகத் தங்கிவிட்டது. ஆகவே இரு பேரினங்களும் வேறு என்பதற்குச் சான்று கிடைத்தது. அவற்றுக்கிடையே கதவு முழுவதும் மூடிவிடவில்லை என்பதற்கும் சான்று கிடைத்தது.

இன்று பல தாவரவியல் நூல்கள் தோட்டச் செடியைக் கிளாண்டுலாரியா ஹைப்ரிடா என்று குறிக்கின்றன. நாற்றுப் பண்ணைகளில் வெர்பினா என்ற பெயரே புழங்குகிறது. ஆளுயரப் போனாரியென்சிஸ் உண்மையான வெர்பினாவாகவே தொடர்கிறது. ஒரே கடையில் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இரண்டு பேரினங்கள் விற்பனைக்கு இருக்கின்றன என்று பொருள்.

நிறத்தின் வேதியியல்

ஒரே கலப்பினத்தில் கருஞ்சிவப்பும் கருநீலமும் ஒருசேரக் கிடைப்பது பூச்செடிகளில் எல்லாவற்றுக்கும் வாய்ப்பதில்லை. ரோஜாவில் நீலம் இல்லை. வெர்பினாவில் இரண்டும் உண்டு. இந்த வேறுபாட்டின் காரணத்தைப் பிரிட்டனின் ஜான் இன்னஸ் ஆய்வு நிறுவனத்தில் ரோஸ் ஸ்காட்-மான்கிரீஃப் உள்ளிட்டோர் ஆராய்ந்தனர். பூநிறத்தின் வேதியியலை மரபியலோடு இணைத்த முன்னோடிகளில் அவர் ஒருவர். ஜியாஃப்ரி பீல், ஜே.ஆர். பிரைஸ் ஆகியோருடன் சேர்ந்து அவர் வெர்பினாவின் நிற மரபியல் குறித்து 1940-இல் கட்டுரை வெளியிட்டார்.

பூவின் சிவப்பு, ஊதா நிறங்களைத் தருபவை ஆந்தோசயனின் என்ற நிறமிகள். அவற்றின் அடிப்படை மூலக்கூறில் மூன்று வளையங்கள் உண்டு. ஒரு வளையத்தில் ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளின் எண்ணிக்கை நிறத்தை மாற்றுகிறது. ஒன்று இருந்தால் பெலார்கோனிடின்: செந்தூரச் சிவப்பு. இரண்டு இருந்தால் சயனிடின்: கருஞ்சிவப்பு. மூன்று இருந்தால் டெல்ஃபினிடின்: நீலம் கலந்த ஊதா. அந்தத் தொகுதிகளை ஒட்டவைக்கும் நொதிகளை மரபணுக்கள் கட்டுப்படுத்துகின்றன. சிவப்பு மூதாதையிடம் டெல்ஃபினிடின் பாதை அடைபட்டிருந்தது. ஊதா மூதாதையிடம் திறந்திருந்தது. ரோஜாவில் டெல்ஃபினிடினை உண்டாக்கும் நொதியே இல்லை. கலப்பினத்தில் இரு பாதைகளும் பல விதமாகச் சேர்ந்ததால் வெர்பினாவின் நிறப்பட்டியல் நீண்டது.

எலுமிச்சை மணமும் புல் எண்ணெயும்

எலுமிச்சை வெர்பினா என்பது அலோய்சியா சிட்ரோடோரா என்ற புதர். வெர்பினா குடும்பத்தில் வேறொரு பேரினம். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இது, இரண்டு மூன்று மீட்டர் உயரம் வளரும். சொரசொரப்பான ஈட்டி வடிவ இலைகள் ஒவ்வொரு கணுவிலும் பெரும்பாலும் மும்மூன்றாக நிற்கும். அதனால் ஒரு கட்டத்தில் வெர்பினா ட்ரைஃபிலா, அதாவது மூவிலை வெர்பினா என்றும் இதற்குப் பெயர் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வழியாக ஐரோப்பாவுக்கு வந்தது. பின்னாளில் ஸ்பெயினின் அரசியான, இத்தாலியின் பார்மாவைச் சேர்ந்த மரியா லூயிசாவின் நினைவாகப் பேரினத்துக்கு அலோய்சியா என்ற பெயரை மாட்ரிட் தாவரவியலாளர்கள் சூட்டினார்கள். ஸ்பானிய மக்களும் இதை லூயிசா பூண்டு என்றே அழைக்கிறார்கள். பிரான்சில் வெர்வேன் கஷாயம் என்று உணவுக்குப் பின் குடிப்பது பெரும்பாலும் இதன் இலைதான்.

இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பி ரோமங்களில் எண்ணெய் தேங்கியிருக்கும். இலையைக் கசக்கியதும் ரோமம் உடைந்து மணம் எழும். அந்த மணத்தின் கரு சிட்ரால். ஜெரானியல், நெரல் என்ற இரு ஆல்டிகைடு மாற்றுருக்களின் கலவை இது. சிட்ரால் எலுமிச்சம்பழத் தோலிலும் உண்டு. ஆனால் அது மிகுதியாக இருப்பது எலுமிச்சைப் புல் எண்ணெயில்: அதன் 70 முதல் 80 விழுக்காடு வரை சிட்ராலே.

பெயர்க் குழப்பம் வணிகத்துக்குள் வந்தது இங்கேதான். எலுமிச்சை வெர்பினா இலையில் எண்ணெய் மிகக் குறைவு, விலை அதிகம். திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளிலிருந்து ஏற்றுமதியான எலுமிச்சைப் புல் எண்ணெய் ஏறத்தாழ அதே மணத்தை மலிவாகத் தந்தது. ஐரோப்பியச் சந்தையில் அதற்கு இந்திய வெர்பினா எண்ணெய் என்ற பெயரும் புழங்கியது. மலையாளத்தில் இஞ்சிப்புல் எனப்படும் இந்தப் புல்லின் ஆய்வுக்காகவே எர்ணாகுளம் மாவட்டத்து ஓடக்காலியில் 1951-இல் ஆய்வு நிலையம் அமைந்தது. இந்த எண்ணெயிலிருந்து பிரித்த சிட்ராலைக் கொண்டு வயலட் மணம் தரும் அயனோன்களையும், அவற்றின் வழியாக வைட்டமின் ஏ-யையும் தயாரிக்க முடியும் என்பதால் மருந்துத் துறையிலும் அதற்குத் தேவை இருந்தது.

மலிவு மட்டும் காரணமன்று. உண்மையான எலுமிச்சை வெர்பினா எண்ணெய் தோலில் ஒவ்வாமையையும், வெயில் பட்டால் எரிச்சலையும் உண்டாக்கக்கூடியது. அதனால் பன்னாட்டு நறுமணத் துறை விதிகளும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுப் பொருள் சட்டமும் அதை நறுமணப் பொருளாகச் சேர்ப்பதைத் தடுத்துவிட்டன. கரைப்பான் கொண்டு எடுக்கும் அப்சல்யூட் என்ற சாற்றை 0.2 விழுக்காடு வரை சேர்க்கலாம். ஆகவே வெர்பினா என்று எழுதிய சோப்பிலும் வாசனைத் திரவியத்திலும் மணப்பது பெரும்பாலும் வேறு மூலத்திலிருந்து வந்த சிட்ரால்.

வண்டுகளின் மொழியில் வெர்பினோன்

வெர்பினாவின் பெயரை வாங்கிய வேதிப்பொருள்களில் ஒன்று வெர்பினோன். இது ரோஸ்மேரி உள்ளிட்ட வேறு செடிகளிலும் இருக்கிறது. இதன் முக்கியப் பயன் வட அமெரிக்கப் பைன் காடுகளில். மலைப் பைன் வண்டு மரத்தைத் தாக்கும்போது, பைன் பிசினில் உள்ள ஆல்ஃபா-பைனினை வெர்பினால் என்ற பொருளாக மாற்றி வெளியிடுகிறது. அந்த மணத்தைப் பிடித்து மற்ற வண்டுகள் திரண்டு வருகின்றன. கூட்டம் பெருகப் பெருக, வண்டோடு வாழும் நுண்ணுயிர்களின் செயலாலும் வெர்பினால் வெர்பினோனாக மாறுகிறது. வெர்பினோன் கூடினால் மரம் நிரம்பிவிட்டது என்று பொருள். புதிதாக வருபவை வேறு மரம் தேடிப் போகும். இதைப் பயன்படுத்தி, வெர்பினோன் நிரப்பிய சிறு பைகளை மரத்தில் அடித்து வைத்து வண்டுகளை விலக்கி வைக்கிறார்கள்.

குடும்பத்திலிருந்து பிரிந்த தேக்கு

வெர்பினாவின் பெயரால் அமைந்த குடும்பம் வெர்பினேசி. பழைய பாடநூல்களில் இந்தக் குடும்பம் தமிழருக்கு மிகவும் பழகிய மரங்களால் நிறைந்திருந்தது. தேக்கு, நொச்சி, குமிழ், முன்னை, சங்கங்குப்பி எல்லாம் வெர்பினேசி. பிச்சாவரத்தின் அலையாத்தி மரமான அவிசென்னியாவும் அதில் இருந்தது. பவளமல்லியைக்கூடச் சிலர் அதில் சேர்த்தார்கள்.

இன்று இவற்றுள் எதுவும் அங்கே இல்லை. வெர்பினேசிக்கும் துளசியின் குடும்பமான லேமியேசிக்கும் இடையிலான கோடு முன்பு சூல்தண்டு நிற்கும் இடத்தைக் கொண்டு போடப்பட்டது: சூலகத்தின் உச்சியில் நின்றால் வெர்பினேசி, அடியிலிருந்து எழுந்தால் லேமியேசி. 1990-களில் ஃபிலிப் கான்டினோ முதலியோரின் உருவ ஆய்வும், பின்னர் டி.என்.ஏ. ஆய்வும் இந்தக் கோடு தவறான இடத்தில் ஓடுவதைக் காட்டின. நுனி வளர்ந்துகொண்டே பூக்கும் மஞ்சரி வெர்பினேசியின் அடையாளம். நுனிப் பூ முதலில் மலர்ந்து வளர்ச்சி நின்றுவிடும் சிறு கொத்துகள் லேமியேசியின் அடையாளம். சூலகத்துக்குள் சூல்கள் ஒட்டியிருக்கும் இடமும் இரண்டிலும் வேறு. இந்த அளவுகோலில் தேக்கும் நொச்சியும் குமிழும் துளசிக்கு உறவினர். அலையாத்தி ஆடாதோடையின் குடும்பத்துக்கும், பவளமல்லி மல்லிகையின் குடும்பத்துக்கும் போயின.

எஞ்சிய வெர்பினேசி பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களின் குடும்பம். தமிழ்நாட்டில் அதற்கு இன்று இருக்கும் பிரதிநிதிகள் பொடுதலை, சீமை நாயுருவி, வேலிச் செடியான டுராண்டா, எல்லாவற்றுக்கும் மேலாக உன்னிச்செடி. லன்டானா என்ற இந்த உன்னியை அழகுக்காகவே தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள்; இன்று அது முதுமலை உள்ளிட்ட காடுகளில் புல்லையும் நாற்றையும் அமுக்கிப் புதராகப் படர்ந்திருக்கிறது. கொத்தாக அமைந்த குழாய்ப் பூக்களைப் பார்த்தால் வெர்பினாவின் நெருங்கிய உறவு என்பது தெரியும்.

வளர்க்கும் முறை

சமவெளியில் வெர்பினா குளிர்காலப் பூச்செடி. செப்டம்பர், அக்டோபரில் விதைத்தால் டிசம்பர் முதல் மார்ச் வரை பூக்கும். கோடை வெயில் ஏறியதும் சோர்ந்துவிடும். மலைப்பகுதிகளில் கோடையிலும் பூக்கும்.

விதை முளைப்பதில்தான் பொறுமை வேண்டும். 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏற்றது. முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், போட்டதெல்லாம் முளைக்காது. இருட்டு உதவும் என்பதால் விதையை மெல்ல மண்ணால் மூடலாம். ஈரம் மிகுந்தால் முளைப்பு குறையும். விதைப்பதற்கு முந்தைய நாளே மண்ணை நனைத்து வைத்து, விதைத்த பின் தண்ணீரைத் தெளிப்பதோடு நிறுத்துவது நல்லது. நான்கைந்து இலை விட்டதும் 25 முதல் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நடலாம்.

நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் அவசியம். நிழலில் தண்டு நீளுமே தவிர, பூ குறையும். இளஞ்செடியின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். வாடிய கொத்துகளை அவ்வப்போது நீக்கினால் செடியின் சத்து விதைக்குப் போகாமல் அடுத்த மொட்டுகளுக்குப் போகும். இலைகளில் வெண்தூள் படிவது சாம்பல் நோய். காற்றோட்டம் இல்லாத நெருக்கம் அதை வளர்க்கும். வறட்சியில் சிலந்திப்பேன் வரக்கூடும். பிடித்த நிறத்தைத் தக்கவைக்க, கலப்பினச் செடியின் விதையை நம்பாமல், பூக்காத இளந்தண்டை ஐந்தாறு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, கணு மண்ணுக்குள் இருக்கும்படி மணல் கலந்த மண்ணில் நட வேண்டும். சில வாரங்களில் வேர்விடும் செடி தாய்ச்செடியின் நிறத்திலேயே பூக்கும்.